பட்டறைக்கு வரலாமா? பெங்களூருவில் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூர் ஏரியிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு பழைய வீட்டின் பின்கட்டில், ஷீட் போட்ட நீளமான அறை ஒன்று இருக்கிறது. ரிட்டயர் ஆன ஆண்கள் இருபது பேர் போல வாரத்தில் மூன்று நாள் அங்கே கூடி எதையாவது அறுத்து, ராவி, கழற்றி, மாட்டிக்கொண்டிருக்கிறோம். நான் தலைவரெல்லாம் இல்லை, சாவி என்னிடம் இருக்கிறது, அவ்வளவுதான். வாக்கிங்கில், கல்யாண வீட்டில், வாட்ஸாப்பில் என்று எங்கே போனாலும் ஒரே கேள்விகள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

பட்டறைன்னா என்ன சார், கார் பட்டறையா?

இல்லை. ஒருவர் கவிதைப் பட்டறை என்று நினைத்துக்கொண்டு நோட்டுப் புத்தகத்தோடு வந்துவிட்டார், இப்போது அவர்தான் எங்களுக்கு உளி தீட்டிக் கொடுக்கிறார். இது வயதான ஆண்கள் கூடிக் கைவேலை செய்கிற இடம். மரவேலை, சின்னச் சின்ன எலக்ட்ரிகல் வேலை, சைக்கிள், குடை, குக்கர், நாற்காலி. ஒருவருக்குத் தெரிந்ததை இன்னொருவர் கற்றுக்கொள்கிறார். வகுப்பு கிடையாது, சர்டிபிகேட் கிடையாது. நடுவில் டீ உண்டு.

இது வெளிநாட்டு ஐடியான்னு என் மருமகன் சொன்னான், அப்படியா?

ஆமாம், ஆஸ்திரேலியா. அங்கே பல வீடுகளின் பின்புறம் தகர ஷெட் ஒன்று இருக்கும், வீட்டு ஆம்பளை அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எதையாவது நோண்டிக்கொண்டிருப்பார். அந்தத் தனி ஷெட்டை ஊருக்குப் பொதுவாக்கினால் என்ன என்று யோசித்திருக்கிறார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் கூல்வா என்ற ஊரில் 1993-ல் அப்படி ஒன்று தொடங்கியது. 'ஆண்கள் ஷெட்' என்றே பெயர் வைத்து முதலில் திறந்தது விக்டோரியா மாநிலத்தின் டொங்காலாவில், 1998 ஜூலை 26 அன்று. 2007-ல் நாடு முழுமைக்கும் சங்கம் வந்தது. இப்போது அந்த நாட்டில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அயர்லாந்தில் 2011-லும், பிரிட்டனில் 2013-லும் அதேபோல் சங்கங்கள் வந்தன.

ஐடியா அவர்களுடையதாக இருக்கலாம், ஆனால் அதற்கு ஏற்ற ஆட்கள் பெங்களூருவில் இருக்கிற மாதிரி வேறு எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. 1940-ல் விமானம் செய்கிற எச்.ஏ.எல்., 48-ல் டெலிபோன் செய்கிற ஐ.டி.ஐ., 53-ல் மெஷினும் வாட்ச்சும் செய்கிற எச்.எம்.டி., 54-ல் எலக்ட்ரானிக்ஸ் செய்கிற பி.இ.எல்., 64-ல் மண் வாரும் மெஷின் செய்கிற பி.இ.எம்.எல். இந்த ஃபேக்டரிகளின் சங்குச் சத்தத்துக்கு எழுந்து, சாப்பாட்டு கேரியரோடு பஸ் ஏறிய ஃபிட்டர், டர்னர், டூல்ரூம் ஆட்களில் நம்மவர்கள் எத்தனை பேர்! முப்பத்தைந்து வருஷம் மைக்ரான் கணக்கில் வேலை செய்த கை, ரிட்டயர் ஆன மறுநாளே டி.வி. ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. எங்களோடு ஒருவர் கோலார் தங்கவயலில் இருந்தவர். சுரங்கத்துக்குள் மரம் முட்டுக் கொடுக்கிற தச்சு வேலை. 2001-ல் சுரங்கத்தை மூடியதும் மகனோடு இங்கே வந்துவிட்டார். அவர் ஒரு பலகையைத் தட்டிப் பார்த்தே உள்ளே உளுத்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார்.

பார்க்கு பெஞ்சுல உட்கார்ந்து பேசினா போதாதா, இதுக்கு எதுக்கு ரம்பமும் சுத்தியலும்?

போதும் என்கிறவர்கள் தாராளமாகப் பார்க்கிலேயே பேசலாம். ஆனால் பார்க்கில் நாங்கள் என்ன பேசுவோம்? மோடி, சித்தராமையா, வெங்காய விலை, டிராஃபிக். இருபது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருப்பதே தெரியாமல் எழுந்து போவோம். ஆம்பளைகள் முகத்துக்கு முகம் பேச மாட்டார்கள், தோளோடு தோள் நின்றால் பேசுவார்கள் என்று ஆஸ்திரேலியாக்காரர்கள் சொல்வார்கள். முதலில் கேட்டபோது அலங்காரமாகத்தான் பட்டது. அப்புறம் கண்ணால் பார்த்தேன்.

ஒரு பேங்க் கேஷியர். எந்த வேலையும் தெரியாது என்று சொல்லிவிட்டு, மூலையில் கிடந்த கலவை ஸ்க்ரூ டப்பாவை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தார். ஹார்லிக்ஸ் பாட்டில்களை வரிசையாக வைத்து, முக்கால் இஞ்ச், ஒரு இஞ்ச், ஒன்றேகால் இஞ்ச், ஸ்டார் தலை, வெட்டுத் தலை என்று நோட்டு எண்ணுகிற மாதிரியே இரண்டு மாதம். ஒரு நாள் தலையைத் தூக்காமல், கட்டைவிரலால் ஒரு ஸ்க்ரூவின் துருவைத் துடைத்துக்கொண்டே, "கொஞ்ச நாளா ரத்தம் போகுது" என்றார். பக்கத்தில் நின்றவரும் தலையைத் தூக்கவில்லை. "எத்தனை நாளா?" "நாலு மாசம்." "மூலமா இருக்கும்." "மூலம்னா வலிக்கணுமே." அவ்வளவுதான் பேச்சு. மறு வாரம் அவரோடு இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குடலில் பாலிப், வெட்டி எடுத்துவிட்டார்கள், ஆள் நன்றாக இருக்கிறார். வீட்டில் மனைவியிடமும் மகளிடமும் அதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஸ்க்ரூவைப் பிரித்ததால்தான் அது வாயில் வந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்த ஸ்க்ரூக்கள் நிஜமாகவே எங்களுக்குத் தேவையாக இருந்தன. வேலை ஒரு சாக்குதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொய்ச் சாக்கு செல்லாது. சும்மா பொழுதுபோக்குக்கு என்று குழந்தைக்குக் கொடுக்கிற மாதிரி வண்ணக் காகிதம் கொடுத்தால் இந்த ஆட்கள் அடுத்த நாள் வர மாட்டார்கள்.

எனக்கு ஆணி கூட அடிக்கத் தெரியாது, ஆபீஸ் வேலைதான் பார்த்தேன், வரலாமா?

மேலே கேஷியர் கதையைப் படியுங்கள். அவர் இப்போது ரம்பம் பிடிக்கிறார், கோணலாகத்தான் அறுக்கிறார், யாரும் எதுவும் சொல்வதில்லை.

டைம் என்ன, காசு எவ்வளவு?

செவ்வாய், வியாழன், சனி. காலை பத்திலிருந்து ஒன்று வரை. மாதம் இருநூறு ரூபாய், டீ செலவு அதில் சேர்த்தி. முடியாதவர்கள் கொடுக்க வேண்டாம், யார் கொடுத்தார் யார் கொடுக்கவில்லை என்பது கணக்கு எழுதுகிற ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் வாயைத் திறக்க மாட்டார், பழைய ஆடிட் ஆள்.

எங்க வீட்டு ஃபேன் மெதுவா சுத்துது, கொண்டு வந்தா ரிப்பேர் பண்ணிக் கொடுப்பீங்களா?

பண்ணிக் கொடுக்க மாட்டோம், கூட நின்று பண்ண வைப்போம். ஃபேனையே முதல் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள். ரெகுலேட்டர் முழுசாக இருந்தும் மெதுவாகச் சுற்றுகிறது, அல்லது உம்மென்று சத்தம் மட்டும் வந்து, கையால் தள்ளிவிட்டால் கிளம்புகிறது என்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர் போயிருக்கும். சாதாரண சீலிங் ஃபேனில் 2.5 மைக்ரோஃபாரட் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். மெயினை அணைத்துவிட்டு, பழையதைக் கழற்றி, அதே அளவுள்ளதை மாட்ட வேண்டும், முடிந்தது. கெப்பாசிட்டர் விலை ரொம்பக் குறைவு, எஸ்.பி. ரோட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். புதிதாக மாட்டியும் மெதுவாகத்தான் ஓடுகிறது என்றால் பேரிங்கைப் பார்ப்போம்.

மிக்ஸி நின்றுவிட்டது என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அடியில் இருக்கிற சின்ன சிவப்பு பட்டனை அழுத்தினாலே ஓடிவிடுகிறது. மாவை அதிகம் போட்டதால் தானாக அணைந்திருக்கும். அந்த பட்டன் இருப்பது தெரியாமல் புது மிக்ஸி வாங்கியவர்களை எனக்கே தெரியும், அதில் என் தம்பியும் ஒருவன்.

தொடாத பொருள்களும் உண்டு. மைக்ரோவேவ் ஓவனைத் திறக்க மாட்டோம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே ஆளைக் கொல்கிற மின்சாரம் தேங்கி நிற்கும். கேஸ் அடுப்பு, இன்வெர்ட்டர் பேட்டரி இரண்டும் வேண்டாம். குக்கருக்கு கேஸ்கட், கைப்பிடி ஸ்க்ரூ மாற்றுவோம், ஆனால் சேஃப்டி வால்வை நோண்ட மாட்டோம், அதே கம்பெனி வால்வை வாங்கி வரச் சொல்வோம்.

நீங்க சும்மா செஞ்சு கொடுத்தா தெருமுனை மெக்கானிக் பொழப்பு என்ன ஆகும்?

இதைக் கேட்டது ஒரு மெக்கானிக்கேதான், நியாயமான கேள்வி. அதனால்தான் வெளி ஆட்களின் பொருளை வாங்கி வைத்துக்கொண்டு செய்வதில்லை. உறுப்பினர் தன் வீட்டுப் பொருளைத் தானே செய்துகொள்ளலாம். மோட்டார் காயில் கட்டுகிற வேலை, பெரிய வேலை எல்லாம் அவரிடமே அனுப்புகிறோம். ரிப்பேர் கஃபே என்று ஒன்று 2009-ல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியது, பெங்களூருவிலும் நடக்கிறது. அங்கே யார் வேண்டுமானாலும் உடைந்ததைக் கொண்டு வந்து சரி செய்துகொண்டு போகலாம். நல்ல விஷயம், ஆனால் எங்கள் நோக்கம் வேறு. அங்கே பொருள் சரியானால் சந்தோஷம். இங்கே பொருள் சரியாகாவிட்டாலும் சனிக்கிழமை திரும்ப வருவீர்கள் அல்லவா, எங்களுக்கு அது போதும்.

அப்பாவுக்கு எழுபத்தஞ்சு, சுகர், பி.பி. ரெண்டும் இருக்கு. மெஷின் பக்கம் விடலாமா அங்கிள்?

விடலாம், சில விதிகளோடு. வந்த முதல் நாளே அவர் சாப்பிடுகிற மாத்திரைகளை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்வோம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவருக்குச் சின்ன வெட்டுக்காயமே சட்டென்று நிற்காது, உளி வேலை அவருக்கு வேண்டாம், உப்புத்தாள் தேய்க்கட்டும். சர்க்கரை உள்ளவர்கள் செருப்போடு உள்ளே வரக் கூடாது, மூடிய ஷூதான். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் ஆணி குத்தியதே தெரியாது, வீட்டுக்குப் போய் சாக்ஸைக் கழற்றும்போதுதான் தெரியும். பதினொன்றரைக்கு டீயோடு பிஸ்கட்டோ சுண்டலோ கட்டாயம் இருக்கும், அது உபசாரத்துக்கு இல்லை, சுகர் இறங்கி ஒருவர் தள்ளாடியதைப் பார்த்த பிறகு வந்த விதி.

வேட்டி, லுங்கி, தொங்குகிற துண்டு, கழுத்துச் சங்கிலி, மோதிரம் எதுவும் மெஷின் அருகே கூடாது. முக்கியமாக டிரில்லிங் மெஷினில் கையுறை கூடாது. பாதுகாப்புக்குத்தானே கையுறை என்று எல்லாரும் கேட்கிறார்கள். சுற்றுகிற பிட் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்துச் சுருட்டிக்கொள்ளும். முப்பது வருஷம் இதைப் புதுப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்த நான், ஒரு டிசம்பர் காலை குளிர் தாங்காமல் காட்டன் கையுறையோடு டிரில்லில் நின்றேன். ஒரு நூல்தான் மாட்டியது. ஆள்காட்டி விரல் நகம் போய், திரும்ப முளைக்க ஐந்து மாதம் ஆனது, இப்போதும் கோணல்தான். புதிதாக வருகிறவர்களுக்கு விதிகளைப் படித்துக் காட்டுவதில்லை, அந்த விரலைக் காட்டுகிறேன்.

மற்றபடி, லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டிருக்கிறோம், ஷாக் அடித்தால் அதுவே அணைத்துவிடும். கிரைண்டரில் பாதுகாப்பு மூடியைக் கழற்றியவருக்கு அன்று வேலை கிடையாது. லின்சீட் ஆயில் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடக் கூடாது, அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும்.

ஏன் ஆம்பளைங்க மட்டும்? நாங்க சுத்தியல் பிடிக்க மாட்டோமா?

பிடிப்பீர்கள், எங்களைவிட நன்றாகவே. கேட்டவர் என் மைத்துனி, ஐ.டி.ஐ.யில் போர்டு சால்டர் பண்ணிய கை அது. மாதத்தின் கடைசி சனிக்கிழமை எல்லாருக்கும் பொது, அன்று சால்டரிங் சொல்லித் தருவது அவர்தான். மற்ற நாள்களை ஆண்களுக்கு என்று வைத்ததற்குக் காரணம் ஒன்றுதான். ரிட்டயர் ஆன பெண்களுக்குக் கோயில், பஜனை, கீழ் வீட்டு அக்கா, ஊரில் இருக்கிற தங்கையோடு ஒரு மணி நேர ஃபோன் என்று போக்கிடம் இருக்கிறது. 2023 ஜூனிலிருந்து பஸ்ஸும் இலவசம், பனசங்கரி வரை போய் வந்துவிடுகிறார்கள். ஆம்பளைக்கு இருந்த சிநேகிதமெல்லாம் ஷிஃப்டோடு முடிந்துவிடுகிறது. சரி, எல்லாப் பெண்களுக்கும் அப்படியில்லை, தனியாகக் கிடக்கிற பெண்களும் உண்டு என்று மைத்துனி சொல்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, அவர் தனியாக ஒன்று ஆரம்பித்தால் எங்கள் டிரில்லைத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

தமிழ்க்காரங்களுக்கு மட்டும்தானா?

இல்லவே இல்லை. ஆரம்பித்தது நாங்கள், அதனால் தமிழ்ப் பேச்சு அதிகம் கேட்கும். கன்னடக்காரர்கள் ஐந்து பேர், தெலுங்கு இருவர், தக்கினி உருது பேசுகிற கார்பென்டர் பாய் ஒருவர். ஃபேக்டரியில் நாலு மொழியும் கலந்து பேசியவர்கள்தானே எல்லாரும். 'சொல்ப அட்ஜஸ்ட் மாடி' (கன்னடத்தில், கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள்) என்பதை ஒரு பலகையில் செதுக்கி மாட்டியிருக்கிறோம். செதுக்கியவர் திண்டிவனத்துக்காரர்.

தண்ணி போட்டுட்டு வந்தா உள்ளே விடுவீங்களா?

மாட்டோம். முந்தின ராத்திரி வாசம் அடித்தாலும் டீ மட்டும்தான், மெஷின் கிடையாது.

அப்பாவைக் கொண்டு வந்து விட்டேன், பத்து நிமிஷத்துல ஆட்டோ பிடிச்சு வீட்டுக்கு வந்துட்டார். என்ன பண்றது?

'கொண்டு வந்து விட்டேன்' என்கிறீர்களே, அதுதான் கோளாறு. எல்.கே.ஜி. பையனை விடுகிற மாதிரி விட்டால் எந்த அப்பா உட்காருவார்? வீட்டில் ஆடுகிற ஸ்டூல் ஒன்றைக் கொடுத்து, "அங்கே யாரோ பழைய ஆளுங்க இருக்காங்களாம், இதைக் கேட்டுட்டு வாங்கப்பா" என்று அனுப்புங்கள். உதவி வாங்க வரத்தான் கூச்சம். உதவி கேட்டு நாங்கள் கூப்பிட்டால் வந்துவிடுவார்கள். அவர் என்ன வேலை பார்த்தார் என்று எனக்கு முன்கூட்டியே சொன்னால், அதிலேயே ஒரு சந்தேகம் கேட்பேன். பொய்ச் சந்தேகம் இல்லை, நிஜமாகவே நிறையத் தெரியாது எங்களுக்கு.

எங்க ஏரியாவுலயும் ஆரம்பிக்கணும். எவ்வளவு முதலீடு வேணும்?

முதலில் மெஷின் வாங்காதீர்கள். இதைத்தான் எல்லாரும் தப்பாகச் செய்கிறார்கள், நாங்களும் செய்தோம், வாங்கிய பெரிய ரம்ப மெஷின் ஒரு வருஷம் படுதா போர்த்திக் கிடந்தது. முதலில் ஆறேழு பேர் சேருங்கள். ஆளுக்கு வீட்டில் கிடக்கிற சுத்தியல், குறடு, ரம்பத்தைக் கொண்டு வந்தாலே ஒரு மேஜை நிரம்பும். முதல் வேலையாக அந்த மேஜையையே செய்யுங்கள். நல்ல கனமான ஒர்க்பெஞ்ச், இடுப்பு உயரம், ஒரு வைஸ். அதைச் செய்து முடிப்பதற்குள் யார் பேசுவார், யார் பேச விடமாட்டார் என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

இடம்தான் கஷ்டம், வாடகை நாளுக்கு நாள் ஏறுகிற ஊர் இது. கல்யாண மண்டபத்தின் ஸ்டோர் ரூம், பள்ளிக்கூடத்தில் பூட்டிக் கிடக்கிற கிராஃப்ட் ரூம், கோயில் ட்ரஸ்ட் இடம் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வருஷம் ஒழுங்காக ஓடிய பிறகு பதிவு செய்தால் போதும். 1960-ம் வருஷத்துக் கர்நாடகச் சங்கப் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். பதிவு இருந்தால் சங்கத்தின் பெயரிலேயே பேங்க் கணக்கு, நன்கொடை எல்லாம் சுலபம். முதல் நாளே பதிவுக்குப் போனால் யார் செயலாளர் என்கிற சண்டையிலேயே பட்டறை முடிந்துவிடும்.

அபார்ட்மென்ட்ல ஆரம்பிச்சோம், சத்தம்னு சொல்லி மூட வெச்சுட்டாங்க. என்ன வழி?

எங்களையும் ஒரு அபார்ட்மென்ட் பேஸ்மென்டிலிருந்து மூன்றே மாதத்தில் கிளப்பினார்கள். ஒன்றாம் மாடிக் குழந்தை தூங்கவில்லை என்று புகார். கோபம் வந்தது, ஆனால் குழந்தை பக்கம் நியாயம் இருந்தது. சத்தம் போடுவது கிரைண்டரும் மோட்டார் ரம்பமும்தான். கை ரம்பம், இழைப்புளி, உப்புத்தாள், சால்டரிங், தையல் மெஷின் ரிப்பேர், பிரம்பு பின்னுவது எதற்கும் பெரிய சத்தம் கிடையாது. அவற்றை மட்டும் வைத்து நடத்துங்கள், பலகையைக் கடையிலேயே அளவுக்கு அறுத்து வாங்கி வாருங்கள். புகார் கொடுத்தவர் வீட்டு ஆடுகிற கதவை முதல் வாரமே போய்ச் சரி செய்து கொடுங்கள். இதை யாரும் லஞ்சம் என்று சொல்ல மாட்டார்கள்.

யாராவது ரொம்ப மனசு ஒடிஞ்சு பேசினா என்ன பண்ணுவீங்க? நீங்க டாக்டர் இல்லையே?

இல்லை, டாக்டர் வேலை பார்க்கவும் மாட்டோம். கேட்டுக்கொள்வோம், அன்று அவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். 14416 என்கிற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணைக் கதவின் உள்பக்கம் பெரிதாக எழுதியிருக்கிறோம், இலவசம், தமிழிலும் பேசலாம். மனநல ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸ் இதே ஊரில்தான் இருக்கிறது, கூட ஒருவர் போவார். வீட்டில் மகன் அடிக்கிறான், சொத்தை எழுதி வாங்கிவிட்டான் என்கிற மாதிரி விஷயம் என்றால் முதியோர் உதவி எண் 14567. எண்ணைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்குவதில்லை, நாங்களே டயல் செய்து ஃபோனை அவர் காதில் வைப்போம்.

ஒருத்தருக்கு மறதி ஆரம்பிச்சிருக்கு, இனிமே வராதீங்கன்னு எப்படிச் சொல்றது?

சொல்லவில்லை. எங்களோடு இருக்கிற ஒருவருக்கு இரண்டு வருஷமாக மறதி. நேற்று சொன்னது இன்று இல்லை, என்னையே சில நாள் ஃபோர்மேன் என்று நினைத்துக்கொண்டு லீவு கேட்கிறார், நானும் சேங்ஷன் பண்ணிவிடுகிறேன். ஆனால் அரத்தைக் கையில் கொடுத்தால் கை மறக்கவில்லை. கட்டை விளிம்பை ராவி, ஸ்கொயர் வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து, திரும்ப ராவுகிறார். கிரைண்டர், டிரில் பக்கம் மட்டும் போக விடுவதில்லை, அந்த ஸ்விட்ச் போர்டுக்குப் பூட்டு போட்டிருக்கிறோம். முறைவைத்து ஒருவர் பக்கத்தில் நிற்பார், மகள் வந்த பிறகுதான் நகருவார். இன்னும் முற்றினால் என்ன செய்வோம் என்பதை இன்னும் பேசி முடிக்கவில்லை, இரண்டு முறை பேச்சை எடுத்து இரண்டு முறையும் யாரோ டீ போடப் போய்விட்டார்கள்.

அப்பா போயிட்டார். அவர் டூல்ஸ் பெட்டியை வெச்சு நாங்க என்ன பண்ண, எடுத்துக்குவீங்களா?

எடுத்துக்கொள்வோம். காயலான் கடையில் எடைக்குப் போட வேண்டாம், தயவுசெய்து. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஃபோட்டோ மாட்டி மாலை போட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க மாட்டோம், தினமும் உபயோகிப்போம். பெரும்பாலும் பிடியில் எண் அச்சால் அவரவர் ஃபேக்டரி டோக்கன் நம்பர் அடித்திருக்கும், அதை அழிக்க மாட்டோம். '4417 எங்கே?' என்று கேட்டால் யாராவது அந்தச் சின்ன சுத்தியலை எடுத்து நீட்டுவார்கள். போன மாதம் வந்த பெட்டியில் ஒரு வெர்னியர் அளவுகருவி, எண்ணெய் தடவி, பழைய சம்பளக் கவரில் சுற்றி வைத்திருந்தார். 0.02 மில்லிமீட்டர் வரை இன்றும் சரியாகக் காட்டுகிறது. பெட்டியே துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தாலும் உடைக்காமல் அப்படியே கொண்டு வாருங்கள், மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற வைத்தால் பாதிக்கு மேல் தேறிவிடும்.